பையனோட (27 வயசு) மும்பைல ஒரு வாரம், பிளான் சரியான்னு பாத்து சொல்லுங்க

உறையூர்_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை, அதாவது ஜனவரி மூணாவது ஞாயிறு காலைல நானும் என் பையனும் மும்பை போய் இறங்கறோம், அடுத்த ஞாயிறு ராத்திரி ஃப்ளைட்ல திரும்பறோம். எனக்கு 57, ஸ்கூல் வேலைய விட்டாச்சு. பையன் ஹைதராபாத்ல ஐடி. எங்க வீட்டுக்காரர் வரல, அவருக்கு வீட்ட விட்டு ரெண்டு நாள் வெளிய தங்குனாலே ஜுரம் வந்துரும். பையனுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் பேசிட்டிருக்கோம், அதுக்கப்புறம் இப்படி அவனோட தனியா எங்க போகப்போறேன்னு நானே கேட்டுத்தான் கிளம்புறேன்.

நான் போட்ட பிளான் இது. ஞாயிறு இறங்கினதும் சித்திவிநாயக், மஹாலக்ஷ்மி கோயில், ஹாஜி அலி. திங்கள் எலிஃபன்டா குகை. செவ்வாய் புதன் ஷிர்டி, வழியில நாசிக், திரியம்பகேஸ்வர். வியாழன் லோனாவாலா. வெள்ளி ஜுஹு பீச், நடிகருங்க வீடெல்லாம். சனி ஷாப்பிங், ஞாயிறு கிளம்பறது. இத அவனுக்கு வாட்ஸப்ல அனுப்புனேன், "இதுல மும்பை எங்கம்மா இருக்கு"ன்னு கேட்டுட்டு போன வச்சுட்டான். அவனுக்கு பழைய பில்டிங் போட்டோ எடுக்கணுமாம், நாடகம் பாக்கணுமாம், தாராவி பாக்கணுமாம், மத்த நேரம் சும்மா நடக்கணுமாம். எனக்கு முட்டி வலி, சும்மா நடக்கற ஆளு நான் இல்ல. ரூமுக்கு ஒரு நாளைக்கு 5000 வரைக்கும் தரலாம். எங்க தங்கறது, எத எடுக்கறது எத விடறதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ரயில்பைத்தியம்:
மேடம், முதல்ல அந்த ஞாயிறு. ஜனவரி மூணாவது ஞாயிறுதான் மும்பை மாரத்தான், சிஎஸ்எம்டி (பழைய விக்டோரியா டெர்மினஸ் ரயில் ஸ்டேஷன்) பக்கம் ஆரம்பிச்சு மரைன் டிரைவ், சீ லிங்க் கடல் பாலம்னு ஓடுவாங்க, காலைல தெற்கு மும்பைல பாதி ரோடு அடைச்சிருக்கும். டாக்ஸில ஏறுனா எங்கயாவது இறக்கி விட்டுட்டு நடந்து போங்கம்பான். ஏர்போர்ட்லருந்து மெட்ரோ 3 பிடிங்க, 2025 அக்டோபர்லருந்து கஃப் பரேட் வரைக்கும் முழுசா ஓடுது, 33 கிலோமீட்டருக்கு மேல, கிட்டத்தட்ட முழுசும் தரைக்கு அடியில. டெர்மினல் 2, டெர்மினல் 1, தாதர், சித்திவிநாயக், சிஎஸ்எம்டி, சர்ச்கேட் எல்லாம் அதே லைன்லயே வருது. ஞாயித்துக்கிழமை முதல் வண்டி கொஞ்சம் லேட், நேரம் பாத்துக்கோங்க.

ரெண்டாவது, திங்கக்கிழமை எலிஃபன்டா லீவு. போரிவலி நேஷனல் பார்க்கும் கன்ஹேரி குகையும்கூட திங்கள் மூடித்தான் இருக்கும். ஆனா பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம், இப்ப சத்ரபதி சிவாஜி மஹாராஜ் வஸ்து சங்க்ரஹாலயா, அது திங்கக்கிழமையும் திறந்திருக்கும். அதனால திங்கள் மியூசியம், செவ்வாய் எலிஃபன்டான்னு மாத்திக்கோங்க.

மூணாவது, தங்கறது ஃபோர்ட் இல்ல கொலாபா பக்கம் பாருங்க. ரூம் சின்னதாத்தான் கிடைக்கும், ஆனா காரணம் இருக்கு. மும்பைல காலைல கூட்டம் பூரா வடக்குலருந்து தெற்க வரும், சாயங்காலம் தெற்குலருந்து வடக்க போகும். நீங்க தெற்க தங்கி காலைல வடக்க போனா ரயில் காலியா இருக்கும், சாயங்காலம் திரும்பி வரும்போதும் காலி. அந்தேரில தங்கினீங்கன்னா ஒரு வாரமும் கூட்டத்தோட கூட்டமா நசுங்கணும்.

கிங்ஸ்சர்க்கிள்_பாலு:
ரயில் தம்பி சொல்றது கணக்கு சரி ஆனா 5000 ரூபாய்க்கு கொலாபால கிடைக்கற ரூம்ல கட்டில்ல இருந்து இறங்கினா நேரா பாத்ரூம்லதான் கால் வைக்கணும், 57 வயசு அம்மாவும் வளந்த பையனும் ஒரு வாரம் அதுல இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. நான் மாட்டுங்கால நாப்பது வருஷமா இருக்கேன், என்ன கேட்டா மாட்டுங்கா தாதர் பக்கம் தங்குங்க, சென்ட்ரல் லைன் மாட்டுங்கா ஸ்டேஷன்ல இறங்கினதுமே பூக்கடையும் வாழையிலையும் மல்லிகைப்பூவுமா நம்மூரு வாசனைதான், இன்னொரு விஷயம் மேடம், அந்த ஸ்டேஷன் 2017லருந்து முழுக்க பொம்பளைங்களே நடத்தறாங்க, டிக்கெட் கவுன்டர், டிக்கெட் செக்கிங், அறிவிப்பு எல்லாமே. ஆஸ்திக சமாஜம் கோயில் இருக்கு, காலைல கஃபே மெட்ராஸ்ல ராகி தோசை, ஃபில்டர் காபி, மத்தியானம் ஸ்டேஷன் கிட்ட மாடில ராம நாயக் உடுப்பி, 1942லருந்து இருக்கு, இலைச் சாப்பாடு. ஞாயிறு போகாதீங்க, கியூ ரோட்டுக்கு வரும். திங்கள் போகாதீங்க, ரெண்டுமே லீவு.

ரயில்பைத்தியம்:
பாலு சார், மும்பை போயி மாட்டுங்கால தங்கி இட்லி சாப்பிடறதுக்கு திருச்சிலயே இருந்துடலாம் 😀 அந்தப் பையன் கேக்கறது வேற.

கிங்ஸ்சர்க்கிள்_பாலு:
மூணாவது நாள் ராத்திரி பாவ் பாவ்னு சாப்பிட்டு வயிறு கேக்கும்போது தெரியும் தம்பி.

பின்பெஞ்ச்:
ஆன்ட்டி நான் உங்க பையன் வயசு, அம்மாவோட ஊர் சுத்தற பார்ட்டி, அந்தப் பக்கத்து நியாயத்த நான் சொல்றேன். உங்க லிஸ்ட்ல ஏழு நாளும் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே இருக்கீங்க. அவன் எத்தனையோ வருஷமா தனியா இருந்து பழகினவன், காலைல ஒரு மணி நேரம் யார்கிட்டயும் பேசாம இருப்பான், அது கோவம் இல்ல. நீங்க ஆறு மணிக்கு எந்திரிச்சு லைட்ட போட்டு "இன்னிக்கு எங்கடா"ன்னு கேட்டா அங்கயே ட்ரிப் முடிஞ்சுது. ஒவ்வொரு நாளும் அரை நாள் சேர்ந்து, அரை நாள் தனித்தனியான்னு வச்சுக்கோங்க. சாயங்காலம் சந்திச்சு சாப்பிடும்போது ரெண்டு பேருக்கும் சொல்றதுக்குன்னு ஏதாவது இருக்கும்.

இன்னொன்னு, காசு. அவன் குடுக்கறேன்னா குடுக்க விடுங்க. ஆனா பில்லு வந்ததும் எட்டிப்பாத்துட்டு "இத வீட்ல நாப்பது ரூபாய்ல பண்ணிருவேனே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்.

உறையூர்_மீனா:
தம்பி, நாப்பது ரூபாய்ல பண்ண முடியறத நாப்பது ரூபாய்னு சொன்னா என்ன தப்பு? சரி விடுங்க. அரை நாள் தனியான்னா நான் அந்த ஊர்ல என்ன பண்ணுவேன்? எனக்கு ஹிந்தி "கித்னா" வரைக்கும்தான் தெரியும். அவன் கூட இருக்கணும்னுதானே போறதே.

சேலத்து_அப்பா:
அம்மா வணக்கம். நான் என் பொண்ணோட (வேலைக்கு போற பொண்ணு) மும்பை போய்ட்டு வந்தவன், அதனால எடம் பத்தி இவங்க சொல்லட்டும், ரூம் பத்தி நான் சொல்றேன். புக் பண்ணும்போது மூணு கேள்வி போன் பண்ணியே கேட்டுடுங்க. ஒன்னு, கட்டில் தனித்தனியா, ஏன்னா டபுள் ரூம்னா அவங்க ஒரே கட்டில்தான் குடுப்பாங்க. ரெண்டு, ஜன்னல் இருக்கா. சிரிக்காதீங்க, பட்ஜெட் ரூம்ல ஜன்னலே இல்லாம ஒரு ஏசி மட்டும் உறுமிக்கிட்டிருக்கும். மூணு, லிஃப்ட் இருக்கா. ஃபோர்ட் பக்கம் பழைய பில்டிங்ல ஹோட்டல் மூணாவது மாடில இருக்கும், மரப்படி, உங்க முட்டிக்கு ஆகாது. முடிஞ்சா ரெண்டு சிங்கிள் ரூம் எடுத்துடுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல. என் பொண்ணு ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன்ல, நான் அஞ்சு மணிக்கு முழிச்சு சுப்ரபாதம். ரெண்டு ரூம் எடுத்ததாலதான் சிரிச்ச முகத்தோட திரும்பினோம்.

பின்பெஞ்ச் சொன்னத நான் பாதிதான் ஒத்துக்குவேன். அரை நாள் அரை நாள்னு ஆபீஸ் ஷிஃப்ட் மாதிரி பிரிச்சா அதுவும் செயற்கையாத்தான் இருக்கும். எங்க விஷயத்துல வேலைக்கு ஆனது என்னன்னா, காலை டிபன் தனித்தனி, அவ்வளவுதான். பத்து மணிக்கு கீழ ரிசப்ஷன்ல சந்திப்போம்.

பின்பெஞ்ச்:
அங்கிள் அதுவும் ஓகே, பத்து மணி வரைக்கும் நிம்மதி கிடைச்சா பாதி பிரச்சனை சால்வ்.

ரயில்பைத்தியம்:
எலிஃபன்டா பத்தி டீட்டெயிலா சொல்லிடறேன், முட்டி வலின்னதால. கேட்வே ஆஃப் இந்தியாலருந்து படகு காலை 9 மணி வாக்குல ஆரம்பிக்கும், ஒரு மணி நேரம் ஆகும். இறங்கினதும் ஜெட்டிலருந்து ஒரு குட்டி ரயில் இருக்கு, அதுல போங்க. அப்புறம் 120 படி, ரெண்டு பக்கமும் கடை, நிழல் இருக்கும், நின்னு நின்னு ஏறலாம், முடியலன்னா டோலி இருக்கு. மேல போனா அந்த மூணு முகச் சிவன், சதாசிவ மூர்த்தி, கிட்டத்தட்ட 20 அடி உயரம், மலைய குடைஞ்சு செதுக்கினது. அவ்வளவு தூரம் போயிட்டு சுத்தி இருக்கற மத்த சிற்பத்த பாக்காம திரும்பாதீங்க, அர்த்தநாரி இருக்கு, கங்கைய தலையில வாங்கற சிவன் இருக்கு, ராவணன் கைலாசத்த தூக்கறது இருக்கு. உங்களுக்கு கதை தெரியும், அவனுக்கு செதுக்கின விதம் புடிக்கும், ரெண்டு பேரும் சேர்ந்து பாக்க வேண்டிய இடம்னா இதுதான். குரங்கு கைல இருக்கறத பிடுங்கும், பிஸ்கட் பாக்கெட்ட வெளிய காட்டாதீங்க. 2024 டிசம்பர்ல அந்த ரூட்ல நேவி போட் வந்து மோதி படகு கவுந்து பெரிய விபத்து நடந்துச்சு, அதனால கூச்சப்படாம லைஃப் ஜாக்கெட் கேட்டு போட்டுக்கோங்க.

கன்ஹேரி அவனுக்கு மட்டும். நூத்துக்கும் மேல குகை, பாறைல வெட்டுன படி, வெயில். உங்களுக்கு வேணாம்.

தாராவிப்பொண்ணு:
யக்கா, உங்க மகன் தாராவி பாக்கணும்னு சொன்னதுக்காகத்தான் இந்த இழைக்குள்ள வந்தேன். எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து தோல் பதனிடற வேலைக்கு வந்தவரு, நாங்க மூணு தலைமுறையா இங்கதான். சினிமா பாத்துட்டு கேமராவ தூக்கிக்கிட்டு வர்றவங்கள பாத்தா எங்களுக்கு எரிச்சலாத்தான் வரும். ஒரு அம்மா வாசல்ல உக்காந்து பிள்ளைக்கு தலை சீவிட்டிருக்கும், அத போட்டோ எடுப்பாவ. உங்க தெருவுல வந்து எவனாவது எடுத்தா விடுவியளா?

ரயில்பைத்தியம்:
ஆனா டூர்ல போறதால அங்க உள்ளவங்களுக்கும் வருமானம் வருதுல்ல, முழுசா தப்புன்னு சொல்ல முடியுமா?

தாராவிப்பொண்ணு:
வராதீயன்னு நான் சொல்லலியே அண்ணே. எப்படி வாறதுன்னுதான் சொல்லுதேன். டூர்னா போட்டோ எடுக்கக்கூடாதுன்னு அவங்களே ரூல் போட்டிருக்கற டூரா பாத்து வரட்டும், அப்படி நடத்தறவங்க இருக்காவ. 13 காம்பவுண்ட்ல பிளாஸ்டிக் பிரிச்சு ரீசைக்கிள் பண்ணுதத பாக்கலாம், கும்பார்வாடால குஜராத்லருந்து வந்த குயவங்க சூளை போட்டு பானை சுடுதாங்க, தோல் கடைல பெல்ட்டு பர்சு விலைக்கு வாங்கலாம். டூரே வேணாம்னா இன்னும் நல்லது, அம்மாவும் மகனுமா 90 ஃபீட் ரோட்டுக்கு வாங்க, கடை போர்டே தமிழ்ல இருக்கும், முறுக்கு வாங்குங்க, கணேசன் கோயிலுக்கு போங்க, டீ குடிங்க, யார் கேட்டாலும் திருச்சில இருந்து வந்திருக்கோம்னு சொல்லுங்க. ஒரு மணி நேரத்துல உங்களுக்கு பத்து பேர் சொந்தமாயிருவாவ. மும்பை முழுக்க காலைல சைக்கிள்ல, தலைல தூக்கிட்டு வந்து இட்லி விக்கறவங்கள்ல நெறைய பேரு இங்கருந்து போறவங்கதான், அத பாக்கணும்னா விடிகாலைல வரணும். ரீடெவலப்மென்ட் வேலை ஆரம்பிச்சாச்சு, இதெல்லாம் இப்படியே எத்தன நாளைக்கு இருக்கும்னு எங்களுக்கே தெரியாது.

உறையூர்_மீனா:
தங்கச்சி, இத அப்படியே அவனுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன். கேமராவ ரூம்லயே வச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டான். எனக்கும் வரணும்னு ஆசை வந்துருச்சு.

ஷிர்டி பத்தி யாருமே பேசல. அத நான் விடமாட்டேன். வேண்டுதல் இருக்கு.

பின்பெஞ்ச்:
ஆன்ட்டி ஷிர்டி 240 கிலோமீட்டர், நாசிக் சேத்து ரெண்டு நாள் கார்லயே போகும். திரியம்பகேஸ்வர், லோனாவாலா எல்லாம் வேற ட்ரிப். விட்டுடுங்களேன்.

ரயில்பைத்தியம்:
ரெண்டு நாள் வேணாம். 2023லருந்து சிஎஸ்எம்டி - சாய்நகர் ஷிர்டி வந்தே பாரத் ஓடுது. காலைல ஆறரைக்கு முன்னாடியே கிளம்பும், மத்தியானம் 12க்குள்ள ஷிர்டி, சாயங்காலம் அஞ்சரை வாக்குல திரும்ப ஏறினா ராத்திரி 11 மணி சுமாருக்கு சிஎஸ்எம்டி. ஸ்டேஷன்லருந்து கோயில் பக்கம்தான், ஆட்டோ இருக்கும். வாரத்துல ஒரு நாள் வண்டி கிடையாது, புக் பண்ணும்போது பாத்துக்கோங்க. வியாழக்கிழமை மட்டும் வேணாம், பாபா நாள்னு கூட்டம் அள்ளும். நாசிக் இந்த தடவை கிடையாது, அத மனச தேத்திக்கோங்க. பாருங்க, இதுக்கும் ஃபோர்ட்ல தங்கினாத்தான் விடிகாலைல நடந்தே ஸ்டேஷன் போகலாம் 😀

உறையூர்_மீனா:
அப்படின்னா ஒன்னு செய்யறேன். புதன்கிழமை நான் மட்டும் தனியா ஷிர்டி போறேன், அவன் கன்ஹேரி போகட்டும். உக்காந்துட்டு போற வண்டிதானே, என்ன பயம். எல்லாரும் தனியா இருங்க தனியா இருங்கன்னீங்களே.

உறையூர்_மீனா:
அவன்கிட்ட சொன்னேன். "நீ தனியா எப்படிம்மா போவ, நானும் வரேன்"னு குதிக்கறான்!! ஷிர்டில ஒரு நாள வேஸ்ட் பண்ண முடியாதுன்னு போன வாரம் சொன்னவன்.

பின்பெஞ்ச்:
😂😂😂

சேலத்து_அப்பா:
போங்கம்மா தைரியமா. ஸ்டேஷன்ல கொண்டுவந்து விடட்டும், ராத்திரி கூப்பிட வரட்டும், அதுக்கு மேல அவனுக்கு உரிமை இல்ல. ஷிர்டில தமிழ் பேசறவங்க எப்பவும் இருப்பாங்க. லொகேஷன் ஷேர் பண்ணி விட்டுடுங்க.

கிங்ஸ்சர்க்கிள்_பாலு:
லோக்கல் ரயில்ல போகறதப்பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். கூட்டமான நேரத்துல நீங்க லேடீஸ் கம்பார்ட்மென்ட், அவன் ஜெனரல், அதனால எந்த ஸ்டேஷன்ல இறங்கணும், இறங்கினா எங்க நிக்கணும்னு ஏறறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, உள்ள போனப்புறம் போன் எடுக்கக்கூட கை வராது. காலைல 11லருந்து சாயங்காலம் நாலு வரைக்கும்னா ரெண்டு பேரும் சேர்ந்தே ஃபர்ஸ்ட் கிளாஸ்ல போலாம், இல்ல ஏசி லோக்கல். ஏறினதும் இறங்கற ஸ்டேஷன் எந்தப் பக்கம் வரும்னு பக்கத்துல கேட்டுக்கோங்க. விரார் ஃபாஸ்ட்ல (தூரமா வடக்க விரார் வரைக்கும் போற வண்டி) மட்டும் பாந்திரா, அந்தேரின்னு நடுவுல இறங்கற வேலைக்கு ஏறாதீங்க, இறங்க விடமாட்டாங்க. அப்புறம் மாஹிம், சயானுக்குத் தெற்க ஆட்டோவே கிடையாது, கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான், மீட்டர் போடுவான், நம்மூரு மாதிரி பேரம் இல்ல.

ரயில்பைத்தியம்:
பையனுக்கு போட்டோ டிப்ஸ்: ஓவல் மைதானத்துல கிழக்குப் பக்கம் ஹைகோர்ட், யுனிவர்சிட்டி, ராஜாபாய் டவர், எல்லாம் விக்டோரியன் கோதிக், அதாவது வெள்ளைக்காரன் காலத்து கூர் வளைவு ஸ்டைல். மேற்குப் பக்கம் ஈராஸ் தியேட்டரும் ஆர்ட் டெகோன்ற அதுக்கப்புறம் வந்த ஸ்டைல் வீடுகளும். ரெண்டும் சேர்த்துதான் 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. காலை வெயில் ஆர்ட் டெகோ பக்கம் விழும், சாயங்கால வெயில் கோதிக் பக்கம் விழும். அவன் அங்க சுத்தட்டும், நீங்க மைதானத்துல உக்காந்து பசங்க கிரிக்கெட் ஆடறத பாருங்க. மத்தியானம் தோபி தலாவ்ல கியானி, 1904ல ஆரம்பிச்ச இரானி கடை, ப்ரூன் மஸ்கா (மொறுமொறு பன்னுல வெண்ணெய்), டீ. நாடகம்னா ஜுஹு ப்ரித்வி தியேட்டர், சின்ன அரங்கு, லேட்டா போனா உள்ள விடமாட்டாங்க, டிராஃபிக்க நம்பாதீங்க. மறக்காம ஹாஜி அலிக்கு கடல் ஏத்தம் இறக்கம் பாத்துட்டு போங்க, ஏத்தத்துல அந்தப் பாதையே தண்ணிக்குள்ள போயிரும்.

உறையூர்_மீனா:
ரெண்டு பேரும் நேத்து போன்ல உக்காந்து புதுசா போட்டோம். ஞாயிறு மெட்ரோல ரூமுக்கு, தூக்கம், சாயங்காலம் மரைன் டிரைவ். திங்கள் மியூசியம், ஓவல். செவ்வாய் எலிஃபன்டா, வந்து ரெஸ்ட். புதன் நான் ஷிர்டி, அவன் கன்ஹேரி (ஒத்துக்கிட்டான், மணிக்கொரு மெசேஜ் போடணுமாம்). வியாழன் நான் லேட்டா எந்திரிச்சு மஹாலக்ஷ்மி, ஹாஜி அலி, அவன் அவனிஷ்டம். வெள்ளி சித்திவிநாயக், மாட்டுங்கா சாப்பாடு, 90 ஃபீட் ரோடு, மத்தியானத்துக்கு மேல சோர் பஜார் (பழைய சாமான் கடைத்தெரு). சனி ஷாப்பிங், ராத்திரி நாடகம். ரூம் ஃபோர்ட்ல, ரெண்டு சிங்கிள், லிஃப்ட் இருக்கு, ஜன்னல் ஒரு ரூம்லதான் இருக்காம், அது எனக்கு. பாலு சார் கோச்சுக்காதீங்க.

கிங்ஸ்சர்க்கிள்_பாலு:
கோவமில்ல மேடம், சாப்பிட வாறீங்களே அது போதும். சோர் பஜார் வெள்ளிக்கிழமை கிடையாது, மட்டன் ஸ்ட்ரீட் கடையெல்லாம் மூடியிருக்கும். அத வியாழனுக்கு தள்ளி அவன தனியா அனுப்பிடுங்க. வெள்ளி கோயில முதல்ல முடிச்சுட்டு மாட்டுங்காவுக்கு 12 மணிக்கு முன்னாடி வந்தா இலைக்கு காத்திருக்க வேண்டியதில்ல.

தாராவிப்பொண்ணு:
யக்கா வெள்ளி சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வாங்க, அப்பதான் கடைத்தெரு களை கட்டும். கணேசன் கோயில் வழி யார கேட்டாலும் தமிழ்லயே சொல்லுவாவ.

சேலத்து_அப்பா:
கடைசி ஞாயிறு ராத்திரி ஃப்ளைட்டுன்னீங்களே, பகல் முழுக்க பெட்டி என்ன பண்ணுவீங்க? காலைலயே ரூம் காலி பண்ணச் சொல்வாங்க.

ரயில்பைத்தியம்:
பெட்டிய ரிசப்ஷன்லயே வச்சுட்டு சுத்தலாம், இப்பவே போன் பண்ணி கேட்டு வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை லோக்கல்ல மெகா பிளாக்னு சொல்லி ட்ராக் வேலைக்காக பகல்ல சில வண்டிய நிறுத்துவாங்க, எந்தப் பக்கம்னு முன்கூட்டியே அறிவிப்பாங்க, நீங்க ஏர்போர்ட்டுக்கு மெட்ரோல போறதால கவலையில்ல. டிக்கெட்ல டெர்மினல் 1ஆ 2ஆன்னு பாருங்க, ரெண்டுக்கும் தனித்தனி ஸ்டேஷன். நவி மும்பைன்னு போட்டிருந்தா அது ஊருக்கு அந்தப் பக்கம், 2025ல திறந்த புது ஏர்போர்ட், கணக்கே மாறிடும்.

உறையூர்_மீனா:
டெர்மினல் 2தான், பாத்துட்டேன். ரிசப்ஷன்ல பெட்டி வச்சுக்கறோம்னு சொல்லிட்டாங்க. வந்தே பாரத்ல ஜன்னல் சீட் கேட்டு போட்டிருக்கேன், நாசிக் வர்றதுக்கு முன்னாடி மலைப்பாதை எந்தப் பக்கம் நல்லா தெரியும்?

ரயில்பைத்தியம்:
கசாரா காட் ஏறும்போது ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கும் மேடம், ஜனவரின்றதால கொஞ்சம் காஞ்சிருக்கும். தூங்கிடாதீங்க, கல்யாண் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துரும்.